பயிற்சி கொடுத்து வேலைக்கு அனுப்பும் நிறுவனத்தில் பயிற்றுநர் வேலை: மாணவரின் நேர்காணலில் என்னையும் உட்காரச் சொல்கிறார்கள்

கரும்பலகை | திங்கள், இரவு 10:40

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகள் ஜாவா டெவலப்பராக இருந்துவிட்டு, கடந்த மூன்று ஆண்டுகளாகப் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் பயிற்றுநராகப் பணிபுரிகிறேன். பெயரை எழுத மாட்டேன்; நண்பர்களும் ஊகிக்க முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் நிறுவனம் கல்லூரி முடித்தவர்களை 25 பேர் கொண்ட பேட்ச்களாக எடுத்து, மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையுடன் நான்கு மாதம் பயிற்சி கொடுத்து, பிறகு கிளையன்ட் நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அவர்கள் உட்கார்ந்து வேலை செய்வது கிளையன்ட்டிடம், சம்பளம் வாங்குவது எங்களிடம். இரண்டு ஆண்டு பாண்ட் உண்டு. இடையில் விலகினால் இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பதால், ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் கடைகளைவிட நாங்கள் மேல் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

வேலையும் எனக்குப் பிடித்த வேலைதான். மூன்றாவது வாரத்தில் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பைத் தொடங்கும்போது, நிரல் எழும்பாமல் நூறு வரிக்குப் பிழைச்செய்தி திரையில் கொட்டும். புதியவர்கள் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, அதை அப்படியே கூகுளில் ஒட்டுவார்கள். நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கச் சொல்லிவிட்டு, கீழிருந்து மேலாக வந்து 'காஸ்டு பை' என்று தொடங்கும் கடைசி வரியைத் தேடி, அதை உரக்கப் படிக்கச் சொல்வேன். பெரும்பாலும் தரவுத்தளக் கடவுச்சொல்லில் ஓர் எழுத்து பிழையாக இருக்கும். தானே கண்டுபிடித்த அந்தக் கணத்தில் ஒரு பிள்ளையின் முகத்தில் தெரிவதற்காகத்தான் சம்பளம் குறைந்தாலும் இந்தப் பக்கம் வந்தேன்.

ஆறேழு மாதங்களாக நிலைமை மாறிவிட்டது. எங்களிடம் ஆள் கேட்கும் கிளையன்ட்கள் ஃப்ரெஷர் வேண்டாம், இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும் என்கிறார்கள். எனவே பயிற்சி முடித்தவர்களின் ரெஸ்யூமேயில் இல்லாத இரண்டு ஆண்டுகளைச் சேர்க்கிறார்கள். அதை நான் பார்த்தும் பாராததுபோல் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற வெள்ளிக்கிழமை மேலாளர் என்னை அழைத்து, ஒரு மாணவரின் வீடியோ நேர்காணலின்போது கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பதில் சொல்ல வேண்டும், அவர் உதட்டை அசைப்பார் என்றார். அன்று உடல்நிலை சரியில்லை என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் அழைப்பார்கள். என் நோட்டீஸ் பீரியட் 60 நாள். இத்தகைய நிறுவனங்களில் பணிபுரிந்தவர்கள் இதை எப்படிக் கையாண்டீர்கள்?

---

வெற்றுப் பாஸ்புக் | திங்கள், இரவு 11:25

ஐயா, நீங்கள் சொல்லும் அந்த மாணவரின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வேறு நிறுவனம், வேறு ஊர். அதனால் அடுத்து என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கும் இரண்டு ஆண்டு அனுபவம் ஒட்டினார்கள். பெயர்ப்பலகை மட்டுமே உள்ள ஒரு கம்பெனியின் லெட்டர்ஹெட், 24 பே-ஸ்லிப்கள், ரிலீவிங் லெட்டர் எல்லாம் ஒரே மாலையில் தயாராகிவிட்டன. பே-ஸ்லிப்புக்கு உண்மைத்தன்மை வர வேண்டும் என்பதற்காக மாதாமாதம் 1,800 ரூபாய் பி.எஃப். பிடித்ததாகவும் போட்டிருந்தார்கள். நேர்காணலும் நீங்கள் சொன்ன முறையில்தான் முடிந்தது. கிளையன்ட்டிடம் எட்டு மாதம் வேலை செய்தேன். உண்மையைச் சொன்னால், நான்காவது மாதத்திலிருந்து வேலையை நன்றாகவே செய்தேன்.

அதன் பிறகு கிளையன்ட் தன் ஒப்பந்தப் பணியாளர் அனைவரையும் புதிதாகப் பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்படுத்தியது. ஒரு பெண் அதிகாரி மிக மரியாதையாக, என் கைப்பேசியிலேயே வருங்கால வைப்புநிதித் தளத்தைத் திறந்து காட்டச் சொன்னார். ஓ.டி.பி. வந்தது, போட்டேன். பணி வரலாற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு நிறுவனம்தான் இருந்தது. சேர்ந்த தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது. 24 பே-ஸ்லிப்களில் பிடித்த 1,800 எங்கே போனது என்று அவர் கேட்கக்கூட இல்லை. திரையை எனக்கு நேராகத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். எத்தனை நிறுவனம் மாறினாலும் ஒருவருக்கு ஒரே வைப்புநிதி எண் என்ற யூஏஎன் 2014-இல் வந்த பிறகு, தேதியை மறைப்பது அவ்வளவு எளிதன்று என்பது எனக்கு ரெஸ்யூமே தயாரித்துக் கொடுத்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். என்னை அனுப்பிய நிறுவனம், போலி ஆவணம் கொடுத்தவன் நான்தான் என்று கிளையன்ட்டுக்குக் கடிதம் எழுதித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

உங்கள் மாணவரின் குரலாக இருக்க வேண்டாம் ஐயா.

---

விலைப்பட்டியல் | செவ்வாய், காலை 7:15

பதினோரு ஆண்டுகளாக வெண்டர் மேலாண்மையில் இருக்கிறேன். அதாவது இத்தகைய நிறுவனங்களிடமிருந்து ஆட்களை விலை பேசி வாங்கும் பக்கம். கரும்பலகை ஐயாவின் நிறுவனம் ஏன் இந்த இடத்துக்கு வந்தது என்பதை எண்களில் சொன்னால் புரியும். இவை நான் பார்த்த ஒப்பந்தங்களின் உத்தேச அளவுகள். ஒவ்வோர் இடத்திலும் மாறும்.

ஒரு ஃப்ரெஷருக்குக் கிளையன்ட் மாதம் 85,000 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி. நடுவில் பெரிய வெண்டர் ஒருவர் இருந்தால் 10,000 அவருக்கு. பயிற்சி நிறுவனத்தின் கைக்கு 75,000 வருகிறது. பணியாளருக்குச் சம்பளம், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு எல்லாம் சேர்த்து 32,000 போனால், மிச்சம் 43,000. இரண்டு ஆண்டுக்கு ஒருவரிடமிருந்து பத்து லட்சத்துக்கும் மேல்.

இப்போது பயிற்சிச் செலவைப் பாருங்கள். பயிற்றுநர் சம்பளம் மாதம் 80,000, இடம், மின்சாரம், கணினி எல்லாம் சேர்த்து 60,000 என்றால் நான்கு மாதத்துக்கு 5,60,000. உதவித்தொகை 25 பேருக்குப் பத்து லட்சம். மொத்தம் 15,60,000, தலைக்கு 62,400. இரண்டரை லட்ச ரூபாய் பாண்ட் இந்த 62,400-க்கானது அன்று. அது, வரவேண்டிய பத்து லட்சம் நடுவில் எழுந்து போய்விடக் கூடாது என்பதற்கான பூட்டு.

அதே ஆளை 'இரண்டு ஆண்டு அனுபவம்' என்று விற்றால் 85,000 என்பது 1,30,000 ஆகிறது. பணியாளரின் சம்பளம் பெரும்பாலும் ஏறுவதில்லை. பொய்யின் விலை மாதம் 45,000. அதில் ஒரு ரூபாய்கூட மாணவருக்குப் போகாது, மாட்டிக்கொள்ளும் பொறுப்பு மட்டும் முழுக்க அவருடையது.

எங்கள் பக்கத்துப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டு அனுபவம் தேவைப்படாத வேலைக்கும் அப்படிக் கேட்பது எங்கள் மேலாளர்களின் வழக்கமாகிவிட்டது. கேட்பதை யாராவது செய்து கொடுப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

---

பொள்ளாச்சிக்காரி | செவ்வாய், மதியம் 1:50

இந்த இழையைப் படிக்கும்போது, இத்தகைய நிறுவனங்கள் எல்லாமே ஏமாற்றுக்கடை என்று புதியவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சி எழுதுகிறேன்.

நான் பி.எஸ்சி. கணிதம். எங்கள் கல்லூரிக்கு வளாக நேர்காணலுக்கு வந்த நிறுவனங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வந்தவர்களும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, நிலுவை அரியர் கூடாது என்றார்கள். அப்பா தவறிய ஆண்டில் எழுதிய பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் எனக்கு 57. அரசின் நான் முதல்வன் திட்ட வகுப்பிலும் படித்தேன். பாடம் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த 57 என்ற எண்ணைத் தாண்டி யாரும் என்னைப் பார்க்கத் தயாராக இல்லை.

கோவையில் ஒரு பயிற்சி நிறுவனம் மதிப்பெண் கேட்காமல் இரண்டு மணி நேரத் தேர்வு மட்டும் வைத்து எடுத்தது. என் ரெஸ்யூமேயில் ஃப்ரெஷர் என்றுதான் போட்டார்கள். மூன்று கிளையன்ட் நேர்காணல்களில் தோற்றேன். ஐந்து மாதம் பெஞ்ச்சில், அதாவது எந்தக் கிளையன்ட்டிடமும் அனுப்பப்படாமல் காத்திருந்தேன். அந்த ஐந்து மாதமும் முழுச் சம்பளம் வந்தது. நான்காவது நேர்காணலில் தேறினேன். விலைப்பட்டியல் அண்ணா சொல்லும் 43,000 என்னிடமிருந்தும் போயிருக்கும். போகட்டும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் யாரும் திறக்காத கதவை அவர்கள் திறந்தார்கள். இப்போது வேறு நிறுவனத்தில் மூன்று மடங்கு சம்பளத்தில் இருக்கிறேன்.

பாண்ட் முடியும் வரை இருந்தேன். எளிதாக இல்லை. பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்த கிளையன்ட்டின் நேரடிப் பணியாளருக்கு என் சம்பளத்தைப்போல் இரண்டு பங்கு என்று தெரிந்த நாளில், மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

---

கரும்பலகை | செவ்வாய், இரவு 9:05

வெற்றுப் பாஸ்புக் தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த மாணவரிடம் இன்று தனியாகப் பேசினேன். அவர் என்னைவிடத் தெளிவாக இருக்கிறார். நேர்காணலில் தோற்றால் பரவாயில்லை, பெஞ்ச்சில் உதவித்தொகைதான் வரும் என்பதுதான் கவலை என்றார். எங்கள் நிறுவனத்தில் பெஞ்ச் காலத்தில் முழுச் சம்பளம் கிடையாது. பொள்ளாச்சிச் சகோதரியின் நிறுவனத்துக்கும் எங்களுடையதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது போலும்.

---

சிறுமுதலாளி | புதன், காலை 10:30

நான் மதுரையில் 40 பேர் கொண்ட இத்தகைய நிறுவனம் நடத்துகிறேன். போலி அனுபவம், பின்னால் உட்கார்ந்து பதில் சொல்வது இரண்டையும் நான் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். அதற்காக இங்கே யாரும் மாலை போட வேண்டியதில்லை. ஆனால் விலைப்பட்டியல் அவர்களின் கணக்கில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது.

25 பேரில் 25 பேரும் பயிற்சி முடிந்த மறுநாளே கிளையன்ட்டிடம் போவதில்லை. ஒன்பது பேர் நான்கு மாதம் பெஞ்ச்சில் இருந்தால், தலைக்கு 32,000 வீதம் 11,52,000 ரூபாய் செலவு, வரவு ஏதுமில்லை. போனவர்களுக்கும் கிளையன்ட் பணம் தருவது பில் போட்டு 60 நாள் கழித்துத்தான், சில நேரம் 90. அதுவரை சம்பளம் என் ஓவர்டிராஃப்டிலிருந்து போகிறது. இதற்கிடையே பயிற்சி முடித்து மூன்றாவது மாதத்தில், ஐயாயிரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் ராஜினாமா அனுப்புவார். பாண்ட் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்தச் சொல்பவர்கள் ஒரே ஒரு மாதம் என் இடத்தில் இருந்து பார்க்கட்டும்.

---

விலைப்பட்டியல் | புதன், மதியம் 12:10

பெஞ்ச் கணக்கை விட்டது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, பெஞ்ச் என்பது உங்கள் விற்பனைப் பிரிவின் தோல்வி. அதன் செலவைப் பயிற்சி முடித்த 22 வயதுப் பிள்ளையின் பாண்டில் ஏற்றுவது எப்படிச் சரியாகும்?

---

நெறியாளர் | புதன், மதியம் 2:00

'நூறு விழுக்காடு வேலை உறுதி' என்று தொலைபேசி எண்ணுடன் வந்த இரண்டு விளம்பரப் பதிவுகள் நீக்கப்பட்டன. உரையாடல் தொடரலாம்.

---

பிரிவு 27 | புதன், இரவு 8:20

நான் வழக்கறிஞர்; தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன். இங்கே எழுதுவது பொதுவான விளக்கமே. அவரவர் ஒப்பந்தத்தை ஒருவரிடம் நேரில் காட்டி ஆலோசனை பெறுங்கள்.

முதலில் கரும்பலகை ஐயாவின் கேள்வி. கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து இன்னொருவராகப் பதில் சொல்வதை நிறுவனத்துக்குள் நடக்கும் சிறு தில்லுமுல்லு என்று எண்ண வேண்டாம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. மேலாளர் சொன்னார் என்பது அங்கே விடையாகாது. மேலாளர் இதை வாய்மொழியாகத்தான் சொல்லியிருப்பார். நீங்கள் மறுப்பதை மின்னஞ்சலில் எழுதுங்கள்: 'இன்ன தேதியில் இவ்வாறு கேட்கப்பட்டது, என்னால் இயலாது' என்று இரண்டு வரி போதும். குற்றச்சாட்டு, ஆவேசம், அறிவுரை எதுவும் வேண்டாம். ஒரு நகலை உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாண்ட். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27-இன்படி பாண்ட் செல்லவே செல்லாது என்று இணையத்தில் பலர் அடித்துச் சொல்கிறார்கள். என் பெயரே அந்தப் பிரிவுதான் என்றாலும், அது முழு உண்மையன்று. விலகிய பின் எங்கும் வேலை செய்யக் கூடாது என்று தடுப்பது வேறு. குறிப்பிட்ட காலம் இங்கே வேலை செய், இல்லையேல் பணம் கட்டு என்பது வேறு. விஜயா வங்கி தொடர்பான வழக்கில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 14 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே முதலாளி ஒரு பொதுத்துறை வங்கி. விலகியவர் நல்ல ஊதியம் பெற்ற உயர்நிலை அலுவலர். விளம்பரம், தேர்வு என்று நீண்ட நடைமுறையை மீண்டும் நடத்த வேண்டிய செலவைக் கருதியே நீதிமன்றம் அவ்வாறு சொன்னது. 28,000 சம்பளக்காரருக்கு இரண்டரை லட்சம் என்பதற்கு அதை அப்படியே நீட்ட முடியுமா என்பது வாதத்துக்கு உரியது.

அங்கேதான் அதே சட்டத்தின் பிரிவு 74 வருகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே; நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. விலைப்பட்டியல் அவர்கள் போட்ட 62,400 கணக்கு இந்த இழைக்கு மட்டும் உரியதன்று. நீதிமன்றத்தில் நாங்கள் போடும் கணக்கும் ஏறக்குறைய அதுவே. பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவானது, அதில் எத்தனை மாதம் பணியாற்றிக் கழித்தார் என்று கேட்போம். சிறுமுதலாளி ஐயா, உங்கள் பெஞ்ச் செலவை அந்தக் கணக்கில் சேர்ப்பது மிகக் கடினம்.

---

சிறுமுதலாளி | புதன், இரவு 9:45

அப்படியானால் பாண்ட் தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்படி எழுதினால் நிற்குமா? இதுவரை எனக்கு யாரும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை.

---

பிரிவு 27 | புதன், இரவு 10:05

நிற்கும் வாய்ப்பு மிக அதிகம். இரண்டு ஆண்டு பாண்டில் 20 மாதம் வேலை செய்தவரிடமும் முழுத்தொகை கேட்கும் ஒப்பந்தத்தைத்தான் நீதிபதிகள் முகம் சுளித்துப் பார்க்கிறார்கள்.

---

பொள்ளாச்சிக்காரி | வியாழன், காலை 6:55

வழக்கறிஞர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. என் சித்தி மகள் அடுத்த வாரம் சென்னையில் இப்படி ஒரு நிறுவனத்தில் சேரப் போகிறாள். பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை அசல் சான்றிதழ்களைச் 'சரிபார்க்க' ஒப்படைக்க வேண்டும், பாண்ட் முடிந்ததும் தருவோம் என்கிறார்கள். கூடவே தேதி போடாத காசோலை ஒன்றும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

---

பிரிவு 27 | வியாழன், காலை 9:30

கொடுக்க வேண்டாம், இரண்டையும். சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். எதிரே உட்கார்ந்து காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வரட்டும். கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-இலேயே அறிவித்தது. அந்த அறிவிப்பு தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. அதற்காகச் சான்றிதழை அடகுப் பொருளாக்கும் உரிமை முதலாளிக்கு வந்துவிடாது. வழக்குப் போட்டுத் திரும்பப் பெற முடியும். ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த அடுத்த வேலை கைவிட்டுப் போயிருக்கும். பூட்டி வைப்பவர்கள் நம்புவதும் அதைத்தான். தவிர்க்கவே முடியாமல் கொடுத்தால், ஒவ்வொரு சான்றிதழின் எண்ணையும் எழுதி, முத்திரையும் கையொப்பமும் உள்ள ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். தேதி போடாத காசோலையோ, என்றைக்கு வேண்டுமானாலும் வங்கிக்குப் போய், பணமின்றித் திரும்பி, செக் மோசடி வழக்காக வீட்டுக்கு வரக்கூடியது.

பணி நியமனக் கடிதத்தையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அது கட்டாயம். பயிற்சிக் காலத்தில் என்ன தொகை, பெஞ்ச்சில் என்ன தொகை என்ற இரண்டும் அதில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

---

வெற்றுப் பாஸ்புக் | வியாழன், காலை 9:50

சேர்ந்த இரண்டாவது மாதமே யூஏஎன் தளத்தில் தன் பெயரையும் சேர்ந்த தேதியையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும் அக்கா. நான் எட்டு மாதமும் பார்க்கவில்லை.

---

கரும்பலகை | பதினோரு வாரம் கழித்து, சனி, மாலை 5:15

இழையைப் பாதியில் விட்டுச் சென்றதற்கு மன்னியுங்கள். வழக்கறிஞர் ஐயா சொன்னபடி அந்த வியாழன் இரவே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்த நேர்காணல் நடக்கவும் இல்லை. இணைப்புக் கோளாறு என்று கிளையன்ட்டிடம் சொல்லித் தள்ளிவைத்தார்கள். திங்கட்கிழமை என்னை வகுப்பிலிருந்து எடுத்து 'பாடத்திட்ட மேம்பாடு' என்ற மேசைக்கு மாற்றினார்கள். அங்கே கணினி இருந்தது, வேலை இல்லை. நான்காவது நாள் ராஜினாமா கொடுத்து 60 நாளையும் முழுதாக உட்கார்ந்து கழித்தேன். என் இடத்துக்கு வந்த இளைஞர் நேர்காணல்களில் உட்காருகிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை என்பதே சரி.

அந்த மாணவர் ஃப்ரெஷர் என்ற உண்மையான ரெஸ்யூமேயுடன் வெளியே தானாகத் தேடி, அம்பத்தூரில் சரக்குப் போக்குவரத்து மென்பொருள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் 22,000 சம்பளத்தில் சேர்ந்துவிட்டார். பாண்ட் தொகை கேட்டு அவருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பிரிவு 27 ஐயா, அவரை உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பயிற்சிக்கான உதவித்தொகை ரசீதுகள் நான்கும் அவரிடம் இருக்கின்றன.

என் ரிலீவிங் லெட்டர் இன்று கூரியரில் வந்தது. மூன்றாண்டு பயிற்றுநராக இருந்தவனுக்குப் பதவி என்ற இடத்தில் 'பயிற்சியாளர், பயிற்சிபெறுபவர்' என்று இரண்டையும் போட்டிருக்கிறார்கள். திருத்தித் தரக் கேட்டு எழுதியிருக்கிறேன்.